கீரிமலையில் முழுகினதிலிருந்து வலக் காது அடைப்பு: குடும்பியை (காது மெழுகை) வீட்டில் எடுக்கலாமா?

கோண்டாவில் சைக்கிள்
எல்லாருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காகக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகினேன். மூன்றாம் முறை தலையை நிமிர்த்தும்போதே வலக் காது அடைத்துவிட்டது. தண்ணீர்தான் போயிருக்கும் என்று தலையைச் சரித்து ஒற்றைக் காலில் துள்ளிப் பார்த்தேன். ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம்.

இன்றைக்கு நாலாம் நாள். நோவு இல்லை, காதிலிருந்து எதுவும் வடியவில்லை. சாடையான இரைச்சல் இருக்கிறது. நான் கதைப்பது பானைக்குள் இருந்து கதைப்பது போல எனக்கே கேட்கிறது. நேற்று கொட்டன் பட் போட்டுக் கிண்டினேன். கொஞ்சம் குடும்பி வந்தது, ஆனால் அதற்குப் பிறகு அடைப்பு இன்னும் இறுகிவிட்டது.

அம்மா நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி, கரண்டியோடு குசினி வாசலில் நிற்கிறா. மனுசி, இணையத்தில் விற்கிற காது மெழுகுதிரியை வாங்குவோம் என்கிறா. எனக்கு இரண்டு பேரிலும் பயம். வயது 44, சீனி வருத்தம் இல்லை. நல்லூர்த் தேருக்கு முதல் இந்தக் காது திறந்தால் போதும்.

ஒடியல் கூழ்
நாலு நாளாக மனுசி சொல்வது ஒரு பக்கம்தான் கேட்கிறதென்றால் அதை ஏன் ஐயா வருத்தம் என்கிறீர்கள்?

பகிடி இருக்கட்டும். எங்கள் அப்பப்பா கோழி இறகு வைத்திருந்தார். நுனியில் இரண்டு விரல் அளவு மட்டும் மயிர் விட்டு மிச்சத்தை உருவிவிடுவார். பின்னேரம் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, கண்ணை மூடி, வாயைக் கோணி, மெதுவாக உருட்டுவார். அவர் முகத்தைப் பார்த்தால் எங்களுக்கே சொக்கும். நான் நெருப்புக்குச்சி ஆள். ஆழமாகப் போனால் ஏனோ இருமல் வரும், அதுதான் எனக்கு எல்லைக்கல்.

வெள்ளைச் சப்பாத்து
கோண்டாவில் தம்பி, முதலில் அந்தப் பட்டைக் கீழே வையுங்கோ. ஒடியல் கூழ், நீங்கள் நெருப்புக்குச்சியை வையுங்கோ. காது மூக்குத் தொண்டை வாட்டிலும் கிளினிக்கிலும் கன வருசம் நின்றவள் நான். இப்போது பென்சன்.

குடும்பி ஊத்தை இல்லை. காதுத் துவாரத்தின் தோலுக்குக் காவலாகச் சுரக்கிற ஒன்று. தண்ணீர் ஊறாமல் தடுக்கும், தூசியைப் பிடிக்கும், கிருமி பெருகவும் விடாது. துவாரம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். அதில் வெளிப்பக்க மூன்றிலொரு பங்கில் மட்டும்தான் குடும்பி சுரக்கிற சுரப்பிகள் இருக்கின்றன. துவாரத்தின் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் சப்பும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைந்து அதைத் தள்ளிக் கொடுக்கும். குடும்பி அந்தத் தோலில் ஏறித் தானாக வெளியில் வந்து காய்ந்து விழும். ஆகவே செவிப்பறைக்குப் பக்கத்தில் குடும்பி இருக்கிறதென்றால் பெரும்பாலும் யாரோ தள்ளித்தான் அது அங்கே போயிருக்கிறது. யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

காய்ந்த குடும்பியில் தண்ணீர் பட்டால் ஊதும். கீரிமலையில் நடந்தது அதுவாக இருக்கலாம்.

எண்ணெய் விடமுதல் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது அந்தக் காதில் சீழ் வடிந்ததா? செவிப்பறை ஓட்டை என்று யாராவது சொன்னார்களா? காதில் சத்திரசிகிச்சை நடந்ததா? இப்போது தலைச்சுற்று இருக்கிறதா? அடுத்ததாக, காது வாசலுக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கிறதல்லவா, அதை விரலால் அமத்துங்கள். காது மடலையும் இழுத்துப் பாருங்கள். நொந்தால் அது வெளிக்காதில் புண். அதற்குள் எண்ணெய் விடக்கூடாது.

இருமலுக்குக் காரணம், மூளையிலிருந்து தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்துக்கும் வருகிறது. அதைத் தொட்டால் சிலருக்குத் தொண்டையில் சொறிகிற மாதிரி இருமும். அதை எல்லைக்கல்லாக வைத்திருப்பது, சேலையில் நெருப்புப் பிடித்த பிறகு அடுப்பு எரிகிறது என்று கண்டுபிடிப்பது மாதிரி.

கோண்டாவில் சைக்கிள்
சீழ் வடிந்ததில்லை. ஓட்டை, சத்திரசிகிச்சை ஒன்றும் இல்லை. தலைச்சுற்றும் இல்லை. அமத்தியும் இழுத்தும் பார்த்தேன், நோகவில்லை. அம்மா இன்னும் கரண்டியோடுதான் நிற்கிறா அக்கா. என்ன சொல்ல?

வெள்ளைச் சப்பாத்து
அம்மாவிடம் எண்ணெய் நல்லது, உள்ளியும் சூடும்தான் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளியின் காரம் தோலைப் புண்ணாக்கும், தோலில் வைத்துக் கட்டியே கொப்புளம் வந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். காதுத் துவாரத்தின் உட்பகுதித் தோல் கண் இமை மாதிரி மெல்லியது. சூட்டைப் பற்றி என்ன சொல்ல? காய்ச்சின எண்ணெயின் சூடு விரல் நுனிக்குச் சரியாகத் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சுத்தமான ஒலிவ் எண்ணெய்ப் போத்தலும் சொட்டுக் குழாயும் பார்மசியில் வாங்குங்கள். போத்தலைச் சட்டைப் பையில் அரை மணித்தியாலம் வைத்திருந்தால் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அதற்கு மேல் சூடு வேண்டாம். இடப் பக்கம் சரிந்து படுத்து, வலக் காது மடலைப் பின்னுக்கும் மேலுக்கும் சாடையாக இழுத்தால் வளைவு நிமிரும். இரண்டு மூன்று சொட்டு விட்டு, பத்து நிமிசம் அப்படியே கிடவுங்கள். எழும்பினதும் வழிவதைத் துவாயால் துடைத்தால் காணும். பஞ்சு அடைக்க வேண்டாம், எண்ணெயைப் பஞ்சு குடித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தரம் வீதம் மூன்றிலிருந்து ஐந்து நாள் விடுங்கள். அதற்குப் பிறகு குடும்பி உடனே விழாமல் இரண்டு கிழமைக்குள்ளும் வரலாம். நொந்தாலோ சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

வல்லைவெளிக் காற்று
பட்டறிந்தவன் சொல்கிறேன். பல வருசத்துக்கு முன் தனியார் இடமொன்றில், பெயர் வேண்டாம், எனக்குக் காது கழுவினார்கள். மார்கழி மாதம். பெரிய சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி ஒரே அடி. அடுத்த கணம் அறை முழுவதும் சுழன்றது. கதிரையின் கையைப் பிடித்தபடி கொடுப்புக்குள் இருந்த தேத்தண்ணியையும் வெளியில் விட்டேன். பக்கத்தில் நின்ற பொடியன் பயந்துபோய், ஐயாவுக்கு ஹார்ட் அற்றாக் என்று கத்தினான்.

பிறகுதான் விளங்கியது, தண்ணீர் குளிர்ந்து கிடந்திருக்கிறது. காதுக்குள் போகிற தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் உட்காதின் சமநிலைக் குழாய்களில் இருக்கிற திரவம் ஓடத் தொடங்கும், மூளை நாங்கள் சுழல்வதாக நினைக்கும். றொபேர்ட் பாரனி என்ற வைத்தியர் இதை வைத்துத்தான் உட்காதைச் சோதிக்கிற முறையைக் கண்டுபிடித்தார், 1914க்குரிய நோபல் பரிசும் வாங்கினார். நோயாளிகள் காது கழுவும்போது சுற்றுகிறது என்று முறைப்பட்டதிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்ததாம். என் முறைப்பாட்டுக்கு அவர்கள் தந்தது இன்னொரு பிளேன்ரீ.

ஹரோ ரயில்
லண்டனிலிருந்து. அந்த மெழுகுதிரிக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நானும் ஒருக்கால் வாங்கினவன். குழாய் மாதிரித் திரி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைப் பற்றவைப்பது. அது குடும்பியை உறிஞ்சி எடுக்கும் என்கிறார்கள். எரிந்து முடிந்ததும் வெட்டிப் பார்த்தால் மண்ணிறத்தில் ஏதோ இருக்கும், ஆகா வந்துவிட்டது என்று சந்தோசப்படுவோம். அதே திரியைக் காதே இல்லாத ஒரு போத்தல் வாயில் வைத்து எரித்தேன். உள்ளே அதே மண்ணிறம்! திரியின் மெழுகுதான் அது. உறிஞ்சலும் இல்லை, குடும்பியும் இல்லை. சூடான மெழுகு காதுக்குள் சொட்டினால் சுட்டுவிடும், செவிப்பறையில் ஓட்டை விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது.

ஒலிவ், பாதாம், சோடாச் சொட்டு எது திறம் என்று இங்கே ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பைப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடத் திறம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கையில் கிடைப்பதை விடலாம். கச்சான், பாதாம் ஒவ்வாதவர்கள் மட்டும் பாதாம் எண்ணெயைத் தொட வேண்டாம். இங்கே இப்போது கன டொக்டர்மார் காது கழுவுவதை விட்டுவிட்டார்கள், காசு கட்டி உறிஞ்சி எடுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் காசில்லாமல் பார்ப்பார்கள் என்பதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

ஒடியல் கூழ்
அப்போ நல்லெண்ணெய்? வெள்ளிக்கிழமை தோய வார்க்கிறபோது அம்மம்மா காதுக்குள் விட்டுத்தானே நாங்கள் வளர்ந்தோம். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து விடலாமென்றும் கேள்வி.

வெள்ளைச் சப்பாத்து
சுத்தமான, காய்ச்சாத நல்லெண்ணெயும் குடும்பியை இளக்கும்தான். ஆனால் செக்கில் ஆட்டின எண்ணெயில் மண்டி இருக்கும். திறந்த போத்தலில் மாதக் கணக்கில் கிடந்ததைக் காதுக்குள் விட எனக்கு மனம் வராது. அடைப்பே இல்லாத காதுக்கு ஒவ்வொரு வெள்ளியும் எண்ணெய் விடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் புழுக்கத்தில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது தாங்க முடியாத கடி இருக்கும். உள்ளே பார்த்தால் நனைந்த பேப்பரில் மைப்புள்ளி போட்ட மாதிரி இருக்கும். அதைக் குடும்பி என்று நினைத்து இன்னும் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்!

சோடா வேண்டுமென்றால் கடையில் சொட்டு மருந்தாகவே வாங்குங்கள். குசினியில் கண் அளவில் கரைப்பது சரிவராது, காதுத் தோல் காய்ந்து எரியும்.

சின்னவளின் அம்மா
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என் மகளுக்கு இரண்டு வயது. காதுக்குள் மஞ்சளாகத் தெரிகிறது, மாமியார் ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றித் தருகிறா. எடுக்கலாமா? போன மாதம் புளியங்கொட்டை ஒன்றைக் காதில் வைத்துவிட்டு நின்றவள் இவள்.

வெள்ளைச் சப்பாத்து
வேண்டாம் பிள்ளை. மஞ்சளாகத் தெரிகிறதென்றால் வெளியில் வந்துகொண்டிருக்கிறது, அதன்பாட்டில் விடுங்கள். குளிக்கவார்த்த பிறகு மடலை மட்டும் துவாய் நுனியால் ஒற்றினால் போதும். புளியங்கொட்டை, கடலை மாதிரி ஏதாவது மாட்டினால் தண்ணீர் விடக்கூடாது, ஊதி இன்னும் இறுகும். மணிக்கூட்டு பட்டரி மாட்டினால் ஒரு சொட்டு எதுவும் விடாமல் அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது தோலை அரித்துவிடும். உயிரோடு பூச்சி போனால் மட்டும் எண்ணெய் விட்டு அதை அடக்கிவிட்டு வாருங்கள், அதுவும் செவிப்பறை நல்லாக இருந்தால்தான்.

கோண்டாவில் சைக்கிள்
மூன்று நாள் எண்ணெய் விட்டாயிற்று. அக்கா, கோபிக்க வேண்டாம், இப்போது சுத்தமாகக் கேட்கவில்லை! முன்பு பானை, இப்போது கிணறு. விடிய வேலைக்குப் போகிறபோது பின்னால் வந்த பஸ் கோர்ன் அடித்ததே தெரியவில்லை, மயிரிழையில் தப்பினேன். பார்மசியில் பத்து மில்லி சிரிஞ்ச் வாங்கி வைத்திருக்கிறேன். ஊசியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் அடிக்கட்டா?

மானிப்பாய் 64
அடிக்க வேண்டாம் தம்பி. இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருசத்துக்கு முன் ஒரு விடியற்காலை எழும்பும்போது என் இடக் காது அடைத்திருந்தது. நோவில்லை, இரைச்சல் மட்டும். நானும் குடும்பி என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார், நான் காட்டின ஒருவரும் உள்ளே பார்க்காமலேயே சொட்டு மருந்து எழுதித் தந்தார். ஐந்து கிழமை எண்ணெய் விட்டேன். கடைசியில் கிளினிக்கில் உள்ளே லைட் அடித்துப் பார்த்தால் காது கண்ணாடி மாதிரிச் சுத்தம். திடீரென்று வருகிற நரம்புச் செவிடாம். ஸ்டீரொயிட் குளிசையை முதல் நாட்களிலேயே, பிந்தினாலும் இரண்டு கிழமைக்குள் தொடங்கியிருந்தால் கேள்வி திரும்ப வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் டொக்டர். நான் போனபோது காலம் கடந்துவிட்டது. இன்றைக்கும் தொலைபேசியை வலக் காதில்தான் வைக்கிறேன்.

அவர் எனக்கு ஒன்று காட்டினார். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பெரிதாகக் கேட்கிறதென்று கவனியுங்கள். அடைப்பென்றால் அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்கும். நல்ல காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும், சத்தம் பொத்தின பக்கம் ஓடும். நரம்புப் பிழையென்றால் எதிர்மாறு, நல்ல காதில்தான் கேட்கும். எனக்கு அது வலப் பக்கம் ஓடியபோதே டொக்டரின் முகம் மாறியது.

கோண்டாவில் சைக்கிள்
ஐயா, வாசித்ததும் கை நடுங்கிவிட்டது. குசினிக்குள் போய் நின்று முனகினேன். அம்மா, என்னடா தேவாரமா என்று கேட்டா. நாலைந்து தரம் செய்து பார்த்தேன். சத்தம் வலக் காதுக்குள்தான், அடைத்த பக்கத்தில், தலைக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரிப் பெரிதாகக் கேட்கிறது.

வெள்ளைச் சப்பாத்து
நல்ல செய்தி. மானிப்பாய் ஐயா சொன்னது சரி, ஆனால் முனகிப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். அது ஒரு திசைகாட்டி, தீர்ப்பில்லை. எண்ணெய் பட்ட குடும்பி முதலில் ஊதி, இருந்த சின்ன இடைவெளியையும் மூடும். அதனால் இடையில் கேள்வி குறைவது வழக்கம். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம். ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்சில் பெருவிரலின் வேகம் எங்கே போய் அடிக்குமென்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், காது மூக்குத் தொண்டைக்குப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏழு நாளாகக் கேட்காமல் இருக்கிறது என்பதைத் துண்டு எழுதுகிறவரிடமே அழுத்திச் சொல்லுங்கள், வெறும் காது அடைப்பு என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். எண்ணெய் விட்டதையும் சொல்லுங்கள்.

ஹரோ ரயில்
சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் அண்ணை. ஒரு காதோடு ஆஸ்பத்திரி வீதியில் சைக்கிள் ஓடுவது குடும்பியைவிடப் பெரிய ஆபத்து.

வல்லைவெளிக் காற்று
இதற்கிடையில் ஒன்று. எங்கள் அண்ணையின் கேட்கும் கருவி இரண்டு கிழமையாக விசில் அடித்தது. கருவி பழுது, புதிதாக வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பத் தயார். இந்த இழையை வாசித்துவிட்டு முதலில் காதைக் காட்டுங்கள் என்றேன். இரண்டு காதும் குடும்பியால் அடைத்துக் கிடந்ததாம். கருவியின் சத்தம் குடும்பியில் பட்டுத் திரும்பி ஒலிவாங்கிக்குள்ளேயே போனதால்தான் விசில். இப்போது பழைய கருவியே ஒழுங்காக வேலை செய்கிறது. காசை என்ன செய்வதென்று யோசிக்கிறார்.

கோண்டாவில் சைக்கிள்
திறந்துவிட்டது!

விடிய ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்தேன், முறை வர மத்தியானமாகிவிட்டது. ஓர் இளம் டொக்டர் லைட்டை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, கொட்டன் பட் பாவிக்கிறனீங்களோ என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஓம் என்றேன்.

தண்ணீர் அடிக்கவில்லை. மெல்லிய உலோகக் குழாய் ஒன்றால் உறிஞ்சினார்கள். காதுக்குள் புயல் மாதிரிச் சத்தம், சாடையாகத் தலை சுற்றியது, மற்றபடி நோவில்லை. இரண்டு நிமிசம் இருக்கும். எண்ணெயில் ஊறியிருந்ததால் லேசாக வந்தது என்றார், அக்காவுக்கு நன்றி. பாத்திரத்தில் போட்டுக் காட்டினார். பனங்கட்டி நிறம், பயறு இரண்டைச் சேர்த்து அமத்தின பருமன். அதை அவர் கம்பியால் பிரித்தபோது நடுவில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ தெரிந்தது. பஞ்சு. எந்த வருசத்துப் பட்டின் பஞ்சோ தெரியாது, அதைச் சுற்றித்தான் மிச்சமெல்லாம் கட்டியிருக்கிறது.

செவிப்பறை நல்லாக இருக்கிறதாம். ஒரு கிழமைக்குக் காதுக்குள் தண்ணீர் விட வேண்டாம், தோயும்போது பஞ்சில் வசிலின் தடவி வாசலில் மட்டும் வைக்கலாம் என்றார். திரும்ப அடைத்தால் கிண்டாமல் வரச் சொன்னார்.

வெளியில் வந்தால் ஒரே இரைச்சல். ஆஸ்பத்திரி வீதி இவ்வளவு சத்தமென்று எனக்கு மறந்தே போயிருந்தது. என் செருப்பு சரக் சரக் என்று கேட்கிறது.

மானிப்பாய் 64
நல்லது தம்பி. எனக்கும் ஆறுதலாக இருக்கிறது.

ஒடியல் கூழ்
வாழ்த்துகள். நெருப்புக்குச்சியை நானும் விட்டுவிட்டேன், இன்றைக்கு இரண்டாம் நாள், காது தானாகவே கடிக்கிற மாதிரி இருக்கிறது. அது சரி, மிச்சக் கொட்டன் பட் பெட்டியையும் அம்மாவின் உள்ளி எண்ணெயையும் என்ன செய்தீர்கள்?

கோண்டாவில் சைக்கிள்
பட் சைக்கிள் சங்கிலி இடுக்கில் கிறீஸ் துடைக்க நல்லது, பெட்டி இப்போது சைக்கிள் கருவிப் பையில். உள்ளி எண்ணெயில் அம்மா நேற்று இரவு ரசம் தாளித்தா. எனக்கு இரண்டு கோப்பை.